மூணாவது லைன்

ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்க ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் ஒரு பாடம் வைத்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லாத பாடம். போர்டில் 'லைன்' என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதுவேன். இந்த ஒரு வார்த்தையை உங்கள் வீட்டில், தெருவில், கடையில் எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று கேட்பேன். இங்கிலீஷ் என்றாலே டெஸ்க்குக்கு அடியில் பென்சில் தேடும் பிள்ளைகள்கூட அன்றைக்கு எழுந்து நிற்பார்கள்.

எங்கள் பள்ளி எலப்புள்ளிப் பக்கம். மலையாளப் பக்கத்து எல்லையில் ஒரு தமிழ் மீடியம். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். மீதிப் பேருக்கு வயலும் மாடும். அதனால் முதலில் வருவது கரண்டு லைன்தான், காற்றடித்தால் அறுந்து வயலில் கிடப்பது. அதன் பின்னாலேயே, கூப்பிட்டால் வராத லைன்மேன் வருவார். ரேஷன் கடை லைன், பொள்ளாச்சி போகும் லைன் பஸ், கிடைக்காத போன் லைன், நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடும் லைன். ஒரு பெண் எழுந்து, அவள் அப்பா கம்பெனியில் பாட்டில் லைனில் நிற்கிறார் என்பாள். இன்னொருத்தி, "எங்க மாமன் இப்ப ரியல் எஸ்டேட் லைனுல இருக்காருங்க டீச்சர்" என்பாள். கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது ஒருவன் லைன் அடிப்பதைச் சொல்லாமல் விடமாட்டான். வகுப்பு சிரித்து ஓயும்வரை முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு அதையும் எழுதுவேன். வார்த்தை என்ன பாவம் செய்தது?

போர்டு நிறைந்ததும் இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு டஸ்டரை எடுப்பேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பதினாறு வருஷமாக அதை நான் எழுதவில்லை.

நான் பிறந்தது லைனில். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். ஒரே கூரைக்குக் கீழே ஒரே வரிசையில் ஆறு வீடுகள். வீடு என்றால் ஒரு அறை, அதன் பின்னால் புகை பிடித்த ஒரு அடுப்படி, முன்னால் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஓடுகிற ஒரு வராந்தா. மலையாளத்துக்காரர்கள் லயம் என்பார்கள், பேப்பரிலும் அப்படித்தான் வரும். நாங்கள் லைன் என்போம். எங்களுடையது மூணாவது லைன், நாலாம் நம்பர். கடிதத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் ஓட்டுச் சீட்டுக்கும் அதுதான் விலாசம். வீட்டுக்கு வீடு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் இடைவெளி. ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்மல் வரும். ஒரு வீட்டில் அழுதால் ஆறு வீட்டிலும் கேட்கும்.

எங்களுக்கு லைன் என்பது கட்டடத்தின் பெயர் மட்டும் இல்லை. அது உறவு முறையும்கூட. லைன் பொண்ணு, லைன் மாப்பிள்ளை, லைன் நாய். லைனில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு மஞ்சள் நீராட்டு என்றால் வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும். வேலையில் பேர் விழாமல் அன்றையக் கூலி போனாலும் பரவாயில்லை என்று போவார்கள். வெளியூர் என்றால் ஒரு ஜீப்பைப் பேசி ஆறு வீட்டு ஆளும் அதற்குள் அடைந்துகொண்டு போவார்கள். அழைப்பு ஆறு வீட்டுக்கும் சேர்ந்துதான். ஒரு வீட்டைக் கூப்பிட்டு ஒரு வீட்டை விடுவது என்கிற பேச்சே அங்கே கிடையாது.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காய்ச்சலில் போனார். அம்மா கொழுந்து எடுக்கப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். அஞ்சாம் நம்பர் வீட்டில் என்னைவிட நாலு வயது மூத்த அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லை. எங்கள் அடுப்பில் வெந்ததில் பாதி அவளுக்குப் போகும். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அந்த வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் தெரியும். என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள் அவள்தான். பத்தாவதோடு நின்று அவளும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். நான் நிற்கவில்லை. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்து காலேஜ் முடித்து, பி.எட். முடித்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தேன். லைன் பொண்ணு டீச்சர் ஆகிவிட்டாள் என்று ஆறு வீட்டிலும் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

அந்த ஆறு வீட்டையும்தான் நான் மறைத்தேன்.

வேலைக்கு வந்து இரண்டாம் வருஷம், கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் மூலமாக எலப்புள்ளியில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, நாலு ஏக்கர் வயல், நல்ல குடும்பம். அம்மா என்ன செய்கிறாள் என்று அந்த டீச்சர் கேட்டபோது, எஸ்டேட் ஆபீசில் வேலை என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். சொன்ன பிறகு அதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் லைனில் இருக்கமாட்டார்கள், குவார்ட்டர்சில் இருப்பார்கள்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஆபீஸ் கிளார்க் குடும்பத்தோடு கோட்டயத்துக்குப் போயிருந்தார். நல்ல மனுஷர். அவர் குவார்ட்டர்சின் சாவியை ஒரு நாளைக்கு வாங்கினார்கள். ஆறு வீட்டில் இருந்தும் நல்ல நாற்காலி, நல்ல பாய், நல்ல டம்ளர் என்று பொறுக்கி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். கிளார்க் வீட்டுச் சுவரில் பெரிய இயேசு படம் ஒன்று, அதன் கீழே அணையாமல் எரிகிற ஒரு சிவப்பு பல்பு. படத்தைக் கழற்றப் பயந்து, அதன் மேல் எங்கள் வீட்டு முருகன் காலண்டரை மாட்டினாள் அக்கா. வந்தவர்களில் என் மாமியார் ஆகப்போகிறவர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, சாமிக்குச் சிவப்பு பல்பு நல்லாருக்குது, நம்ம ஊட்லயும் போடோணும் என்றார். இன்றைக்கும் எங்கள் பூஜை அறையில் முருகனுக்குச் சிவப்பு பல்புதான் எரிகிறது.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இதற்கு மேல் முடியவில்லை. காபி கொண்டுவந்த அம்மாவின் கையைப் பார்த்து மாமியார் கேட்டார், "ஏனுங் சம்பந்தி, வெரலெல்லாம் என்னங்க இப்படிக் கறுத்துப்போய்க் கெடக்குது?"

கொழுந்து எடுக்கிறவர்களின் விரல் அப்படித்தான் இருக்கும். கறை வெடிப்புக்குள் இறங்கிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. முந்தின நாள் முழுக்க அம்மா புளியும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆபீஸ்ல சீல் குத்துற மைங்க" என்றாள்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பொய்யை அவள் வாயில் வைத்தது நான். கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் ஆன பிறகும் அந்த 'ங்க' என் காதில் இருக்கிறது. எங்கள் பக்கம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். வந்தவர்களுக்குப் பிடிக்கட்டும் என்று அதையும் சேர்த்துக்கொண்டாள்.

கல்யாணம் எலப்புள்ளிக் கோயிலில் நடந்தது. லைனில் இருந்து ஜீப்பில் வந்தார்கள். எஸ்டேட்டில் தெரிந்தவர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன், அவர்களும் தெரிந்தவர்கள் மாதிரியே ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் வாயில் இருந்தும் ஒரு சொல் தவறி விழவில்லை. அதற்குப் பிறகு மாமியார் வருஷத்துக்கு ஒரு தடவை மலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவார். சம்பந்தி ஊட்ல ரெண்டு நாள் தங்கிப்போட்டு வரலாம் கண்ணு என்பார். நான் மழை என்பேன். ஹர்த்தால் என்பேன். யானை இறங்கியிருக்கிறது என்பேன். ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்று மட்டும் நாலு தடவை சொல்லியிருக்கிறேன். என் கணக்குப்படி அந்த மலை இந்நேரம் பாதிதான் இருக்க வேண்டும்.

நான் மட்டும் போய் வருவேன், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் ஒரே நாளில். அம்மாதான் இங்கே வருவாள். வந்தால் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கமாட்டாள். ஆபீசில் லீவு இல்லை என்று மாமியாரிடம் அவளே சொல்லிக்கொள்வாள். மாமியார் ஆபீஸ் எப்படிப் போகிறது என்று கேட்டால், போகுதுங்க என்பாள். பிறகு மாமியார் பார்க்காத நேரம் அடுப்படியில் வந்து என் பக்கத்தில் நின்று, சொன்னது சரிதானா என்பதுபோல் பார்ப்பாள்.

போன வருஷம் தை மாதக் கடைசியில் நாங்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். அம்மாவுக்குப் போன் செய்தேன். லைனுக்குள் டவர் கிடைக்காது, அவள் ஃபேக்டரி வளைவு வரை நடந்து வந்து அங்கிருந்து பேசுவாள். தேதியைச் சொன்னதும் ஒரே சந்தோஷம். ஆறு வீட்டுக்கும் ஏற்கெனவே தெரியும் என்றாள். நான் வீடு கட்டுகிற சேதி லைனில் அஸ்திவாரம் போட்ட நாளில் இருந்தே ஓடிக்கொண்டிருந்ததாம்.

"அம்மா, நீ மட்டும் வா. லைன்ல யாரையும் கூட்டிட்டு வராதே" என்றேன்.

யாரையுமேயா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டாள்.

"ஜீப்பு சொல்லியாச்சே புள்ள" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடு, இங்கே இடம் பத்தாது என்றேன். மூன்று படுக்கை அறை, மேலே மொட்டை மாடி, வாசலை அடைத்துப் பந்தல், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. இடம் பத்தாது என்று சொன்னேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். கல்யாணத்தில் அவர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள். இப்போது என் பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லாம் வருவார்கள், இவர்கள் உரிமையோடு அடுப்படிக்குள் வந்து பாத்திரம் கழுவுவார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்து அழுவார்கள், எவளாவது ஒருத்தி நம்ம லைன் பொண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். அவ்வளவுதான் பயம். சரி, சொல்லிப் பாக்கேன் என்றாள் அம்மா. அழைத்த ஆட்களை வேண்டாம் என்று சொல்ல ஆறு வீட்டு வாசலில் அவளை நிற்க வைத்தேன். அந்த லைனில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

விசேஷத்து அன்று அம்மா வந்து சேர்ந்தபோது மணி எட்டு. குமுளி, தேனி, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். ஒரு கையில் சாக்குச் சுற்றிய ஏதோ ஒன்று, இன்னொரு கையில் வாய் மூடாத அளவுக்கு அடைத்த ஒரு பெரிய பை. பையைத் தூக்கிப் பார்த்தேன், அப்படி ஒரு கனம். ஒரு நாள் விசேஷத்துக்கு இவ்வளவு துணியா?

"என்னம்மா, வீட்டையே காலி பண்ணிட்டு வந்துட்டியா?" என்றேன்.

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

சாக்குக்குள் இருந்தது ஒரு பெரிய எவர்சில்வர் குடம். ஜீப்பு வேண்டாம் என்று சொல்வதற்கு முன்பே ஆறு வீடும் சேர்ந்து வண்டிப்பெரியாரில் வாங்கி, பேர் வெட்டி வைத்திருந்தார்கள். ஆள் வர வேண்டாம் என்றாலும் குடம் போகட்டும் என்று கொடுத்துவிட்டார்களாம். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து: 'அன்பளிப்பு, மூணாவது லைன்'. அம்மா அதைத் தன் முந்தானையால் ஒரு துடை துடைத்துப் பரிசுப் பொருள் எல்லாம் வைத்திருந்த மேஜையின் நடுவில் வைத்தாள்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பந்தலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். மேஜையைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், மேடையின் மூலையில் எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தேன். திரும்பினால் அம்மா கதவுப் பக்கம் கை கழுவ வந்து நிற்கிறாள்.

ஏதாவது சொல்லியிருக்கலாம். கூட்டம், யாராவது தட்டிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். அத்தனை பொய் தெரிந்த எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. அம்மா கையைக் கழுவி, மாமியாருக்கு இலை போட உதவி செய்தாள், கடைசிப் பந்தியில் சாப்பிட்டாள். மூன்று மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இருந்துபோட்டு நாளைக்குப் போலாமுங்க என்று மாமியார் கையைப் பிடித்தார். காலையில ஆபீசுங்க என்றாள் அம்மா. பஸ் ஏற்றிவிட என் வீட்டுக்காரர் போனார். பந்தலில் ஆட்கள் இருந்ததால் நான் போகவில்லை.

அதன் பிறகு அவள் போன் செய்வது குறைந்தது. கேட்டால் டவர் இல்லை என்றாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஓணம் லீவுக்குத்தான் போனேன். சொல்லாமல் போனேன். ஜங்ஷனில் இறங்கி ஜீப்பைப் பிடித்து லைனுக்கு வந்தபோது நல்ல வெயில். எல்லாரும் மலையில் இருக்கும் நேரம். நாலாம் நம்பர் வீட்டு வராந்தாவில் அம்மா உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை நாளில் அம்மாவை வீட்டில் பார்த்தது எனக்குப் புதிது. உடம்பு சரியில்லையா என்றேன். நல்லாத்தான் இருக்கேன் என்றாள். அவள் விரலைப் பார்த்தேன். வெடிப்பு அப்படியே இருந்தது, கறுப்பு மட்டும் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

உள்ளே போனேன். அக்காவின் துணி கொடியில் கிடந்தது. அக்காவின் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. சுவரில் எங்கள் முருகன் காலண்டரும் அவர்களுடைய மாதா படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அக்கா இங்கேதான் இருக்கிறாளா என்று கேட்டேன். அம்மா, அவகிட்டயே கேட்டுக்க என்றுவிட்டு முறத்தைப் பார்த்தாள்.

அக்கா சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டாள். அவள்மேல் கொழுந்து வாசனை அடித்தது. அடுப்படியில் வைத்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாங்கள் பால் காய்ச்சுவதற்கு முன்பே அம்மாவுக்கு வயது முடிந்து வேலை நின்றுவிட்டது. எஸ்டேட் கைமாறி வந்த புது ஆட்களிடம் சட்டம் கறார். வேலையில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் லைன். கூட அவர்களைப் பெற்றவர்களும் பிள்ளைகளும் இருக்கலாம். பேர் போய்விட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தாகளே, அது ஒங்கூட இருக்கத்தான் வந்தாக. சாவிய ஆபீஸ்ல குடுத்துரு ஆத்தான்னு என் கையில குடுத்துட்டுப் போனாக. மறுநா காலையில வந்து வராந்தாவுல நின்னாக. நான் ஒண்ணும் கேக்கல. சாவிய அவுக கையிலயே திருப்பிக் குடுத்துட்டேன்" என்றாள் அக்கா.

அந்தப் பை. வீட்டையே காலி பண்ணிட்டு வந்துட்டியா என்று நான் சிரித்த பை. அவள் ஆயுசில் சேர்த்த துணி முழுக்க அதற்குள் இருந்தது. அதைத்தான் அன்றைக்கு மூன்று மணிக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள்.

அக்கா அதோடு நிறுத்தவில்லை. அவளுடைய மகனும் மருமகளும் அஞ்சாம் நம்பரில் இருக்கிறார்கள், மருமகளுக்கும் வேலையில் பேர் இருக்கிறது, அந்த வீடு அவள் பேரில் நிற்கும். அதனால் அக்கா ஆபீசுக்குப் போய், நாலாம் நம்பரைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். தனக்கும் தன் அம்மாவுக்கும். என் அம்மாவைத் தன் அம்மா என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பழைய ஆட்கள் யாரும் இப்போது ஆபீசில் இல்லை, விசாரித்தபோது ஆறு வீடும் ஆமாம் என்றது. என்னால் ஜீப்பை வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்த அதே ஆறு வீடு.

"வேற பிள்ளைக இல்லன்னும் எழுதியிருக்கேன் தங்கச்சி. வீடு வாசலோட ஒரு மக இருக்கான்னு தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிருவாக. தப்பா நெனைக்காத" என்றாள்.

தப்பாக நினைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் வராந்தாவுக்குப் போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். இன்றைக்கே கிளம்பு, என்கூட வா என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவ்வளவு பெரிய வீட்டில் உனக்கு ஒரு அறை இல்லையா என்றேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அங்க வந்தா நான் யாரா இருக்கணும் புள்ள? ஆபீஸ்ல வேல பாத்தவளா இருக்கணும். ஒரு நாள்னா இருந்துருவேன். சாகுற மட்டும் அப்பிடி இருக்க என்னால ஆகாது."

அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லு, சொன்ன பெறகு பாப்போம் என்றாள். நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது மாதிரி இருந்தது. மறுபடியும் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் லைன் முனையில் பைக் சத்தம் கேட்டது. புது வெல்ஃபேர் ஆபீசர். எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுத வந்திருந்தார். சின்ன வயது, மலையாளி, கையில் ஒரு அட்டையும் பேப்பரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வராந்தா வழியாகவே வந்தார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆபீசர் பேப்பரைப் பார்த்து அக்காவின் பேரைப் படித்தார். அம்மாவைக் காட்டி யார் என்று கேட்டார். எங்க அம்மா என்றாள் அக்கா, தடுமாறாமல். அவர் உள்ளே எட்டி, சுவரில் இருந்த முருகனையும் மாதாவையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஒரு டிக் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் புடவையையும் வாட்சையும் பார்த்தார்.

"நீங்க ஆராணு?" என்றார்.

அம்மாவின் கை முறத்தில் நின்றுவிட்டது. அவள் மகள் என்று சொல்ல அப்போதுதான் எனக்கு வாய் துடித்தது. பதினாலு வருஷம் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் விழுங்கிவிட்டு, சொல்லக் கூடாத ஒரே இடத்தில் சொல்ல ஆசைப்பட்டேன். சொன்னால் அவளுக்குக் கூரை போய்விடும். கிளார்க் வீட்டில் அவள் என்னைப் பார்த்த மாதிரியே இப்போதும் ஒரு தடவை பார்த்தாள்.

"நான் இந்த லைன்காரிதான் சார். கல்யாணமாகி வெளியூர் போயிட்டேன். தெரிஞ்சவங்க, சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அஞ்சாம் நம்பருக்கு நகர்ந்தார். வராந்தாவில் நிற்க வேண்டாம் என்று அக்கா என்னை உள்ளே இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். அம்மாவும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் பக்கம் திரும்பாமல், வந்தவுகளுக்கு ஒரு டீ போட்டுக் குடு என்று அக்காவிடம் சொன்னாள்.

டீ வந்தது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீசர் அக்காவின் மருமகளிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வார்த்தையும் கூரை வழியாக எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசினாலும் அவருக்குக் கேட்கும். பார்த்துவிட்டுப் போக வந்த ஒருத்தி அங்கே உட்கார்ந்து அழ முடியாது. டீயைக் குடித்தேன்.